தாழிட்ட கதவுக்கு வெளியே ஒரு ஜெபம்

புதன்கிழமை காலை பதினொன்றேகால் மணி. மேடவாக்கத்தில் நான் வேலை செய்யும் மருந்துக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். தாம்பரம் பயிற்சி மையத்திலிருந்து போன் வந்தது. அரசாங்கச் செலவில் ஏசி மெக்கானிக் வேலை கற்றுத்தரும் இடம் அது. என் மகன் ஸ்டீபன் அங்கே படித்துக்கொண்டிருந்தான்.

“நேத்து இன்டர்வியூவுக்குப் பழக்கினோம். பேர் சொல்லும்போது ஸ்டீபனுக்குத் திக்கிடுச்சு, பசங்க சிரிச்சுட்டாங்க. எழுந்து போனவன் இன்னிக்கு வரலம்மா. நாளைக்கு வேலைக்கு ஆள் எடுக்கக் கம்பெனிக்காரங்க வர்றாங்க,” என்றார் அங்கிருந்த மேடம்.

காலையில் தலைவலி என்று படுத்திருந்தான். நானும் நம்பிவிட்டு வந்திருந்தேன்.

ஷேர் ஆட்டோ பிடித்துக் கோவிலம்பாக்கத்தில் இருக்கும் வீட்டுக்கு ஓடினேன். எங்களுக்கு இருப்பது ஓர் அறையும் சமையற்கட்டும்தான். அறை உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினேன். கெஞ்சினேன். “போ... போம்மா” என்று ஒரு குரல் வந்தது. கதவு திறக்கவில்லை.

அவன் அப்பா இறந்த பிறகு இந்த வீட்டில் பேச்சே குறைந்துவிட்டது. பிளஸ் டூ முடித்து இரண்டு வருடம் வெளியே போகாமல் கிடந்தவன், இந்தப் பயிற்சியில் சேர்ந்த பிறகுதான் சிரிக்கவே ஆரம்பித்திருந்தான். அதுவும் போயிற்றா?

எங்கள் திருச்சபையில் சிலரைப் போனில் அழைத்தேன். வேலை நேரம், யாரும் எடுக்கவில்லை. என் அண்ணன் எடுத்தார். “விடு, பசிச்சா வருவான்,” என்று வைத்துவிட்டார்.

கதவருகே தரையில் உட்கார்ந்து, உள்ளே ஃபேன் ஓடும் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். சின்ன வயதிலிருந்து அவன் நாவு சரியாக வேண்டும் என்றே ஜெபித்தவள் நான். அன்று அது வாயில் வரவில்லை. “ஆண்டவரே, என் பிள்ளையிடம் பேச யாரையாவது அனுப்பும். என்னால் முடியவில்லை,” என்று மட்டும் அழுதேன்.

மாலையில் மூன்று பையன்கள் வந்தார்கள். மையத்தில் உடன் படிப்பவர்கள். முன்னால் நின்றவன் தலைக்குச் செம்பட்டைச் சாயம் போட்டிருந்தான்.

“ஆன்ட்டி, ஸ்டீபன் உள்ள கீறானா?” கேட்டுக்கொண்டே கதவைத் தட்டினான். “மச்சான், நேத்து மொதல்ல சிரிச்சது நான்தான்டா. தப்புதான். எனக்கு மட்டும் இங்கிலீஷ்ல பேருக்கு மேல இன்னா தெரியும்? நீ இல்லாம ஒரே பேஜார்டா. ஏசிய பிரிச்சு நான் மாட்டினா நாலு ஸ்க்ரூ மிஞ்சுது.”

உள்ளிருந்து, “ஆ... ஆறு,” என்றான் என் மகன்.

வெளியே மூன்று பேரும் சிரித்தார்கள். உள்ளேயும் சிரிப்புக் கேட்டது. தாழ் திறந்தது.

இன்று அவன் ஏசி சர்வீஸ் வேலைக்குப் போகிறான். திக்கல் போகவில்லை. கடையில் போன் அடித்தால் பில்லைப் பாதியில் விட்டுவிட்டு இன்னும் ஓடுகிறேன். ஆனாலும் கர்த்தர் கேட்டார் என்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. என்னைப் போலத் தனியே உட்கார்ந்து அழும் பெற்றோரே, அவரிடம் கேளுங்கள். யாரை அனுப்புவது என்பதை அவரிடமே விட்டுவிடுங்கள்.

பையன்கள் வந்துபோன மறுநாள், அந்த இன்டர்வியூ முடிந்து ஸ்டீபன் வாசலில் வந்து நின்றான். வேலை கிடைத்ததா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஷூவைக்கூடக் கழற்றாமல் அவனே சொன்னான்:

“பேர் சொல்ல ரொ... ரொம்ப நேரமாச்சும்மா. அவங்க காத்துக்கிட்டு இருந்தாங்க.”