தலை எண்ணியது சரியாகத்தான் இருந்தது

நான் திருத்தங்கல் பக்கம் ஓர் அரசுத் தொடக்கப்பள்ளி ஆசிரியை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைத் தூத்துக்குடிக்கு மீன் காட்சியகம் பார்க்க அழைத்துப்போக, சாப்பாடு, பஸ், பெற்றோர் கையெழுத்து என எல்லாம் திட்டமிட்டேன். திரும்பும்போது தலைகளை எண்ணினேன். முப்பத்திரண்டு, சரி.

பாதி வழியில் ஒருத்தி, "டீச்சர், இது நம்ம பள்ளிக்கூடத்துப் பிள்ள இல்ல. முத்துமாரியக் காணோம்" என்றாள்.

காட்சியகத்துக்கு அதே சீருடையில் இன்னோர் அரசுப் பள்ளியும் வந்திருந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முத்துமாரியின் அம்மா பட்டாசு ஆலையில் வேலை செய்கிறார். சாயங்காலம் அவர் வந்து கேட்டால் என்ன சொல்வேன்?

"அண்ணே, பஸ்ஸத் திருப்புங்க!" என்று கத்தினேன். மாறி வந்த குழந்தை தேம்பிக்கொண்டே தன் அப்பாவின் போன் எண்ணைச் சொன்னது. அவரிடம் கேட்டு அந்தப் பள்ளி ஆசிரியரைப் போனில் பிடித்தேன்.

"பின் சீட்டுல தூங்குறா டீச்சர். எங்க பிள்ளன்னுல்ல நெனச்சுட்டோம்! அழாதீக, அங்கனயே நில்லுங்க, வாரோம்."

சாலையோரத்தில் அவர்கள் பிள்ளையை ஒப்படைத்துவிட்டு, முத்துமாரியை வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இப்போது நான் தலைகளை எண்ணுவதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டு, முகம் பார்த்த பிறகே பஸ்ஸை எடுக்கச் சொல்கிறேன். கிளம்பும் முன் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் என் போன் எண்ணைப் பேனாவால் எழுதிவிடுகிறேன்.