சும்மா நிற்கிற பனை

சாந்தோம் கோயிலுக்குத் தெற்கே, அடையாற்று முகத்துவாரத்துக்கு வடக்கே, கடலை ஒட்டி ஒரு பூங்கா போட்டார்கள். 1927இல் அந்த வேலைக்கு ஆள் எடுத்தபோது மண்ணாங்கட்டி தன் பெயரைக் கோபால் என்றும் ஊரைத் தேனாம்பேட்டை என்றும் சொன்னான். இரண்டும் பொய். பூங்கா வரப்போகிற மணலிலிருந்து குரல் கொடுத்தால் கேட்கிற தூரத்தில் இருந்த மீனவர் குப்பத்தில்தான் அவன் குடிசை. அண்ணன் ரங்கனுக்கும் அவனுக்கும் நடுவில் பிறந்த மூன்றும் தங்கவில்லை. இவனையாவது எமன் ஏறெடுத்துப் பார்க்காமல் போகட்டும் என்று தாய் அந்தப் பெயரை வைத்திருந்தாள்.

பொய் சொல்லச் சொல்லி யாரும் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை. வரிசையில் முன்னால் நின்ற தேனாம்பேட்டைத் தோட்டக்காரர்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மீன் வாடை பட்டதுபோல ஒருவன் மூக்கைத் தேய்த்துக்கொண்டான். அவ்வளவுதான். அவன் முறை வந்தபோது வாயில் கோபால் வந்துவிட்டது.

கடல் அவனுக்கு வாய்க்கவில்லை. கட்டுமரம் அலையைத் தாண்டியதும் குடலைப் பிடுங்கிக்கொண்டு வாந்தி வரும். வயது முப்பதாகியும் நிற்கவில்லை. குப்பத்தில் அவனுக்கு வாந்திக்காரன் என்றே பெயர். ரங்கன் மட்டும் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அது மற்றவர்கள் கூப்பிட்டதைவிட அதிகமாகக் குத்தியது.

பூங்கா வருவதற்கு முன்னால் அங்கே ஒரு நீண்ட மணல்மேடு இருந்தது. கடல் பக்கம் அடம்புக்கொடியும் முள் முள்ளாக ராவணன் மீசைப் புல்லும் படர்ந்திருக்கும். மேற்கே சரிவில் மழைக்காலத்தில் உப்புத்தண்ணீர் தேங்கும். அந்தப் பள்ளத்தைப் பரங்கிமலைப் பக்கத்துச் செம்மண்ணைக் கொட்டி மேடாக்கினார்கள். மாட்டு வண்டிகள் ஐந்து மாதம் வந்துபோயின. சிவப்பும் வெள்ளையுமாகக் கலந்த அந்த மண்ணில் எது பிடிக்கும், எது கருகும் என்று தோட்ட மேஸ்திரி அப்துல் வஹீத் ஒவ்வொரு செடியாக வைத்துப் பார்த்தார். ராயப்பேட்டைக்காரர். அதிகம் பேச மாட்டார். மண்ணாங்கட்டிக்குக் கை சுத்தம் என்று இரண்டாம் மாதமே அவனைத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அவனும் தினம் காலையில் சீயக்காய் போட்டு உடம்பை உரித்தெடுத்த மாதிரித் தேய்த்துக் குளித்துவிட்டு, குப்பத்தின் வழியாக வராமல், மயிலாப்பூர்ச் சாலையைச் சுற்றிக்கொண்டு வேலைக்கு வருவான்.

மேட்டின் உச்சியில் ஒரு பனை நின்றது. காய்க்காத ஆண்பனை. பார்ப்பவர்களுக்கு வெறும் மரம்.

ரங்கனுக்கு அதுதான் வழி. கரையிலிருந்து மூன்று மைலில், கடலுக்கடியில் ஒரு பாறைத் திட்டு இருந்தது. சங்கரா மீனும் களவா மீனும் அங்கே எந்தப் பருவத்திலும் கிடைக்கும். தண்ணீருக்கு மேலே அதற்கு எந்த அடையாளமும் கிடையாது. கடலிலிருந்து கரையைப் பார்க்க வேண்டும். சாந்தோம் கோயிலின் ஊசிக்கோபுரம் பின்னாலிருக்கிற கபாலி கோயில் கோபுரத்தை மறைக்க வேண்டும். அதே நேரத்தில் தூரத்துப் பரங்கிமலை இந்தப் பனையின் தலையில் வந்து உட்கார வேண்டும். இரண்டும் ஒன்றாக அமைகிற இடத்தில் நங்கூரக் கல்லை இறக்கித் தூண்டிலை விட்டால் மீன். அப்பன் கண்டுபிடித்த இடம். மகன்கள் இருவருக்கு மட்டும் காட்டினான். இப்படிப்பட்ட இடத்தைக் குப்பத்தில் யாரும் யாருக்கும் சொல்வதில்லை, பெண்டாட்டிக்குக்கூட.

மாசி மாதத்தில் ஒருநாள் இஞ்சினியர் வந்தார். மேட்டுக்கு மேல் வாத்திய மண்டபம் வரப்போவதாகவும், பனை அதன் முன்படிக்கு இடைஞ்சல் என்றும், ஆனால் குப்பத்து ஜனங்களுக்கு அது சாமி கீமி என்றால் மண்டபத்தை இருபது அடி தள்ளிப் போட்டுக்கொள்ளலாம் என்றும் சொன்னார். வஹீத் சுற்றிலும் இருந்த ஆட்களை ஒருமுறை பார்த்துவிட்டு மண்ணாங்கட்டியைக் கூப்பிட்டார்.

"கோபால், இந்த மரம் யாருக்கனா வேணுமா?"

தேனாம்பேட்டைக்காரர்கள் இருவரும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தார்கள். வேண்டும் என்றால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். சாமி மரம் என்று ஒரு பொய்யைச் சொல்லியிருக்கலாம். அத்தனை பொய் சொன்னவனுக்கு அந்த ஒரு பொய் அப்போது வரவில்லை.

"அது சும்மா நிக்கிற மரம் பாய்."

அன்று பிற்பகலே வெட்டினார்கள். செடிகள் மேல் சாயாமல் இழுக்க மரத்தில் ஏறிக் கயிறு கட்டியவனும் அவனே.

வீட்டில் மனைவி கெங்கம்மா, பனை போனதைப் பற்றிக் குப்பமே பேசுகிறது என்றாள். அவன் தலைவலி என்று படுத்துவிட்டான். மறுநாளும் அதற்கடுத்த நாளும் ரங்கன் போய்த் தேடிவிட்டு வெறும் கட்டுமரத்தோடு கரையேறினான். நான்கு நாள் அப்படிப் போயிற்று. தம்பி குடிசையைத் தாண்டித்தான் போனான், வந்தான். குடிசைப் பக்கம் திரும்பாமலே நடந்தான்.

ஐந்தாம் நாள் ரங்கன் பூங்காவுக்கே வந்தான். துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, மரம் இருந்த இடத்தில் உயரமாக ஒரு கம்பம் நட முடியுமா என்று வஹீதிடம் கேட்டான். எதற்கு என்று அவர் கேட்டார். அதை ரங்கன் வெளியில் சொல்ல முடியாது. காலால் மணலைக் கிளறிக்கொண்டு நின்றான். பூவரசங்கன்றுக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்த தம்பி நிமிரவில்லை.

"கோபால், இவுரு இன்னா கேக்கறாருன்னு உனுக்கு எதுனா புரியுதா?" என்றார் வஹீத்.

ரங்கன் அந்தப் பெயரைக் கேட்டான். அது யாருடையது என்று பார்த்தான். தம்பியின் முகத்தில் ஒரு கணம் கண்ணை வைத்துவிட்டு உடனே எடுத்துக்கொண்டான்.

"இந்த ஐயாவுக்கு எப்டி பாய் புரியும்? வுடுங்க. நான் வரேன்."

ஐயா என்றான். கூடப்பிறந்தவன்.

அவன் மேட்டை விட்டு இறங்கிப் போகிறவரை மண்ணாங்கட்டி குந்தியபடியே இருந்தான். பிறகு எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு வஹீதிடம் போனான். பெயர் மண்ணாங்கட்டி என்றான். ஊர் இந்தக் குப்பம், வந்துபோனவன் கூடப்பிறந்த அண்ணன் என்றான். பனை எதற்கு என்பதைச் சொல்லவில்லை; அது அவன் சொல்லக்கூடியது அல்ல.

வஹீத் கன்றிலிருந்து பழுத்த இலைகளைக் கிள்ளிக்கொண்டே இருந்தார்.

"தெரியும். மொத நாளு நீ வேலிக்குச்சி கட்டுனியே, அப்பவே. அந்தக் கட்டுமர முடிச்ச தேனாம்பேட்டையில எவன் போடறான்? அதனாலதான் உன்னியக் கேட்டேன். அத்தினி பேரு நிக்கறப்ப உன்னிய ஏன் கூப்ட்டேன்னு நெனச்ச?"

ஒளித்துவைத்ததாக நினைத்தது ஒன்றும் ஒளிந்திருக்கவில்லை. அதைக் காப்பாற்றத்தான் மரத்தை விட்டிருந்தான்.

மண்டபம் கட்டி முடிந்ததும் திறப்பு விழாவுக்குக் கொடிக்கம்பம் நட வேண்டியிருந்தது. பூங்கா வாசலில் நடுவதாக இருந்ததை வஹீத் மேட்டுக்கு மாற்றினார். மண்டபத்தின் முன்படி ஓரத்தில், பனையின் வேர் கிடந்த குழியில், இரண்டு சவுக்குக் கம்பங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டி நிறுத்தினார்கள். முடிச்சுகளை மண்ணாங்கட்டி போட்டான். விழா முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். கையில் இருந்தது மூன்று நாள். அன்று மாலை முதல்முறையாகக் குப்பத்தின் வழியே வீட்டுக்குப் போனான். வலை பிரித்துக்கொண்டிருந்த ரங்கனின் முன்னால் நின்றான்.

"மூணு நாளு நிக்கும், அண்ணே. நாந்தான் சும்மா நிக்கிற மரம்னு சொன்னேன்."

ரங்கன் வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும், போ" என்றான்.

மூன்று காலையிலும் மண்ணாங்கட்டி மேட்டிலிருந்து பார்த்தான். தூரத்தில் புள்ளியாக அண்ணனின் கட்டுமரம். மூன்றாம் நாள் அது வெகுநேரம் அசையாமல் நின்றது. அதன்மேல் துரும்பளவு ஒரு மனிதன் எழுந்து நின்று கரையையே பார்த்துக்கொண்டிருந்தான். கம்பம் போனபிறகும் இடத்தைக் காட்ட வேறு ஏதோ ஒன்றை அவன் தேர்ந்துகொண்டிருந்தான். மண்டபத்தின் சிவப்பு ஓடாக இருக்கலாம். கல்தூணாக இருக்கலாம். எது என்று தம்பிக்குச் சொல்லவில்லை. தம்பி கேட்கவும் இல்லை. கேட்கிற வாய் அவனுக்கு இல்லை.

கம்பத்தைக் கழற்றிய மறுநாள் ரங்கனின் மனைவி தேசம்மா, ஓலைக் கூடையில் இரண்டு சங்கரா கொண்டுவந்து கெங்கம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனாள். மண்ணாங்கட்டி தலையைக் குனிந்துகொண்டு தின்றான்.

வஹீதுக்குப் பிறகு மேஸ்திரி வேலை அவனுக்கு வந்தது. மாலையில் மயிலாப்பூரிலிருந்தும் புதிதாக எழுந்த மாம்பலத்து வீடுகளிலிருந்தும் காற்று வாங்க வருகிறவர்கள், இந்தப் பூங்காவில் மட்டும் ஒன்றும் மாறுவதில்லை என்பார்கள். அவன் மாறவிடவில்லை; இதில் எது அண்ணனின் வழியோ. பூவரசின் உச்சியைக் கழிக்கவிட மாட்டான். விளக்குக் கம்பத்தை நகர்த்த வந்தவர்களிடம் மல்லுக்கு நின்றான்.

1938இல் புதிதாக வந்த மேற்பார்வையாளர் ஒருவர், கடலைப் பார்த்த பக்கம் நட்டிருந்த உடைந்த கல் ஒன்றைக் காட்டி, இது எதற்கு, பிடுங்கிப் போடு என்றார்.

"வேணாம் சார்" என்றான்.

"ஏன்? யாருக்கு வேணும் அது?"

"தெர்யாது சார்."

தெரியாததற்கு எதற்கு இத்தனை பிடிவாதம் என்று அவர் சத்தம் போட்டார். மண்ணாங்கட்டி துண்டை எடுத்து அந்தக் கல்லின் மேல் ஒட்டியிருந்த மணலைத் தட்டினான். அவர் போகிறவரை தட்டிக்கொண்டே இருந்தான்.