ஒரே ஒரு 'த'

கேரளத்தின் பாலா ஊரில் கல்யாண வீடுகளுக்குப் பாயசம் காய்ச்சிப் பிழைப்பவள் தங்கம்மா. அதற்காக அவள் வாங்கிய வெண்கல உருளியில் பெயர் வெட்ட, கடைக்காரர் எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி கேட்டார். "ஓரெழுத்து போதும்" என்று 'த' மட்டும் வெட்டச் சொன்னான் கணவன் தங்கச்சன். விவாகரத்தின்போது அதுவே வினையானது.

வீடு அவளுடைய அப்பாவுடையது. குறித்த நாளில் பொழுது சாய்வதற்குள் தங்கச்சன் ஏற்றிப் போகாத சாமான் அவளுக்கு என்று இருவரின் வக்கீல்களும் எழுதியிருந்தார்கள். அவனுடைய படுத்த படுக்கையான தாய்க்கு நான் செவிலி.

"'த'ன்னா தங்கச்சன். உருளி எனக்கு."

"சாயா போடத் தெரியாத ஆளுக்கு உருளி எதுக்கு? குளிக்கவா?"

"எடைக்குப் போடுவேன்."

கட்டிலையும் அலமாரியையும் ஏற்றிய சுமைக்காரர்கள், உருளிக்குத் தனிக்கூலி கேட்டார்கள்.

"ஒரு பாத்திரத்துக்கா? போங்கடா."

அவர்கள் போய்விட்டார்கள். தங்கச்சன் உருளியின் ஒரு காதைப் பிடித்து இழுத்தான்; அசையவில்லை. என்னைப் பார்த்தான்.

"சேச்சி, அந்தப் பக்கம் பிடிங்க."

"நான் உங்க அம்மாவைத் தூக்க வந்தவ, தங்கச்சா. உருளி என் வேலையில இல்ல."

இருட்டியது. வண்டி உருளியில்லாமல் கிளம்பியது.

மறு வாரம் தங்கம்மா மீதி எழுத்துகளையும் வெட்டிக்கொண்டாள். பேரம் பேசவில்லையாம்.