விமானியின் குரலும் கோயில் ஸ்பீக்கரும்

ஹட்டன் டவுனில் விமானங்களுக்கு மென்பொருள் செய்யும் புதுக் கம்பெனி திறந்து, தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வேலை தருகிறோம் என்றார்கள். விமானிகள் பேசிய பதிவைக் கேட்டு அப்படியே தட்டச்சு செய்ய வேண்டும். அதை வைத்துக் கணினியைப் பழக்குவார்களாம். வீட்டிலிருந்தே செய்யலாம். கடைசித் தேர்வில் தேறினால் நிரந்தரம். தவறினால் நான் கொழும்புத் துணிக்கடைக்குப் போக வேண்டியதுதான்.

டயகம தோட்டத்தில், ஒரே கூரையின்கீழ் வரிசையாக அறைகள் கொண்ட லயத்தில், எங்களுடையது நடுக் காம்பரா. சுவர் கூரையைத் தொடாது; முதல் காம்பராவில் தும்மினால் கடைசிக் காம்பராவிலிருந்து "நூறாயுசு" என்பார்கள். இந்த லட்சணத்தில் அப்பா, மகள் பிளேன் ஓட்டப்போகிறாள் என்று லயம் முழுக்கச் சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டு அத்தை வந்து, "டுபாயில இருந்து எம் மகன் வர்ற பிளேனக் கொஞ்சம் பாத்து எறக்கச் சொல்லு தாயி" என்றார். தலையில் அடித்துக்கொண்டேன்.

தேர்வு நாளில்தானா மாரியம்மன் திருவிழா வர வேண்டும்! பாட்டை நிறுத்தும்படி கோயில் தலைவரிடம் கெஞ்சினேன்.

"நீ போம்மா, நான் பாத்துக்கிறேன்" என்றார்.

நன்றாகப் பார்த்துக்கொண்டார்! ஹெட்போனில் விமானி வாயைத் திறந்ததும் கோயில் ஸ்பீக்கர் அலறியது: "பொதுமக்களுக்கு அன்பான அறிவித்தல். நம்ம லயத்துப் பிள்ள பரீட்ச எழுதுது. யாரும் சத்தம் போடக்கூடாது." நிமிடத்துக்கொரு தரம் இதே அறிவித்தல். விமானி சொன்னதில் பாதி என் காதில் விழவில்லை.

கம்பெனி மேடத்திடம் அழாத குறையாகப் பேசித் தேர்வை மறுநாளுக்கு மாற்றினேன். நேரே கோயிலுக்குப் போய், "ஒங்களுக்கெல்லாம் வாய வச்சிக்கிட்டு சும்மா இருக்கவே தெரியாதா?" என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன்.

மறுநாள் ஞாயிறு. நாய்கூடக் குரைக்கவில்லை. எழுதி முடித்துக் கதவைத் திறந்தால் லயமே காலி. மேலே தேயிலை மலையில், கொட்டும் மழையில், சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, பிள்ளைகள் நாய்கள் சகிதம் அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தார்கள். இறங்கி வரலாமா என்று தலைவர் கையாலேயே கேட்டார். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"நனைஞ்சி சாகவா போனீங்க? யாரு போகச் சொன்னா?" என்று கீழேயிருந்து கத்தினேன்.

வேலை நிரந்தரமாகிவிட்டது. நனைந்ததில் லயத்துக்கே இருமல். விமானி பேசத் தொடங்கினாலே சுவருக்கு மேலே லொக்கு லொக்கென்று வருகிறது. எனக்காக வாயைப் பொத்திக்கொண்டுதான் இருமுகிறார்கள். நான் யாரைப் போய்த் திட்டுவது?