நீளமாக ஒரு விசில்

அக்காவும் மாமாவும் மறைமலை நகரில் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தார்கள். மாமாவுக்கு கிரைண்டிங் மெஷின், அக்காவுக்கு பேக்கிங். 1991-ல் இருவரும் ஆளுக்கொரு சைக்கிள் வாங்கினார்கள். தடித்த டயர், நேரான ஹேண்டில்பார். மட்கார்டு கிடையாது, கேரியர் கிடையாது. மலையில் ஓட்டுகிற சைக்கிள் என்று கடைக்காரர் சொல்லி விற்றிருந்தார்.

கேரியர் இல்லாத சைக்கிளை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள் என்று அவர்கள் குடியிருந்த வரிசை வீடுகளில் எல்லோருக்கும் குழப்பம். அரிசி மூட்டை ஏற்ற முடியாது, பிள்ளையை உட்கார வைக்க முடியாது.

"மலை ஏர்றதுக்கு வாங்கினோம்" என்றாள் அக்கா.

"இங்க மலை எங்கடி கீது?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"அதத்தான் தேடிக்கினு கீறோம்."

நான் அப்போது சென்னையில் ஒரு பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்தேன். விடுமுறை நாளில் மின்சார ரயிலில் தாம்பரம் வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து அவர்கள் வீட்டுக்குப் போய்விடுவேன். மாமாவின் பழைய சைக்கிளை மட்கார்டு கழற்றி எனக்குத் தருவார்கள். மூவரும் ஒரகடம் பக்கம் புறப்படுவோம். பெரிய சாலையில் போவதில்லை. அந்த மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூர் சாலை நெடுகிலும் போலீஸ் நின்றது. பையைத் திற, எந்த ஊர், எதற்கு வந்தாய் என்று கேட்பார்கள். கேரியர் இல்லாத சைக்கிளைப் பார்த்தால் கேள்வி இன்னும் கூடும். அதனால் ஏரிக்கரை, மாட்டு வண்டித் தடம், ஆடுகள் போட்ட ஒற்றையடிப் பாதை என்றே போய்ப் பழகினோம்.

அப்படிக் கிடைத்ததுதான் சேரப்பணஞ்சேரிக்கு அப்பால் இருந்த குன்று. மறுபக்கத்தைக் குடைந்து கல் குவாரி நடந்தது. குன்றின் முதுகுவரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறுவோம். அங்கிருந்து ஒரு பாதை வேலிகாத்தான் புதர்களுக்கு நடுவே குவாரிப் பக்கமாக இறங்கும். முதல் பாதி செங்குத்து. நடுவில் ஒரு வளைவு. அதன் இடது ஓரத்தில்தான் குவாரிப் பள்ளம். வளைவு முழுக்கப் பொடிக்கல். அதைத் தாண்டினால் ஒரு பெரிய பாறையின் முதுகுக்குப் பின்னால் பாதை ஒதுங்கி, ஜல்லிக் குவியல்களுக்கு அருகே சமதரையில் முடியும். குன்றின் உச்சியில் நிற்பவருக்குப் பள்ளமும் தெரியாது, அடிவாரமும் தெரியாது.

அதற்காகத்தான் விசில். மாமா தொழிற்சாலையின் பாதுகாப்புக் கமிட்டியில் இருந்தவர்; எதற்கும் ஒரு விதிமுறை வைப்பார். இறக்கத்தில் எங்களில் துணிச்சலானவள் அக்கா. அவள் முதலில் இறங்கி, வழியில் மாடோ ஆளோ இல்லை என்று பார்த்துக் கீழே போய் விசில் ஊதுவாள். நீளமாக ஒன்று என்றால் அடுத்த ஆள் வரலாம். சின்னதாக இரண்டு என்றால் நிற்க வேண்டும். கடைசியாக வருபவர் மாமா. வளைவில் அவர் எப்போதும் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தே கடப்பார்.

"தள்ளிக்கினு போறதுக்கு எதுக்கு இந்த வண்டி?" என்பாள் அக்கா.

"உயிரோட வந்தா போதும்டி. நீ ஓட்டு, நான் பாக்குறேன்."

ஞாயிற்றுக்கிழமைகளில் குவாரியில் ஆள் இருக்காது. ஜல்லிக் குவியலும், கவிழ்த்து வைத்த கூடைகளும், ஒரு கீற்றுக் கொட்டகையும் மட்டும் இருக்கும். நாங்கள் அறிந்த குவாரி அதுதான். ஒரு மாதம் அவர்கள் தொழிற்சாலையின் வார விடுமுறை வெள்ளிக்கிழமைக்கு மாறியது. எனக்கும் ஒரு வெள்ளிக்கிழமை விடுப்பு கிடைத்தது. ஷிப்டு வேலை பார்ப்பவர்களுக்குத் தங்கள் விடுமுறைதான் உலகத்துக்கும் விடுமுறை. குவாரிக்கு அன்று வேலை நாள் என்பது மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது நல்ல வெயில். காது கொடுத்துக் கேட்டோம். சம்மட்டிச் சத்தம் இல்லை, லாரி இல்லை, பேச்சுக் குரல் இல்லை. குவாரி வழக்கம்போல அமைதியாக இருந்தது. எல்லோரும் ஒளிந்துகொண்டிருந்ததால் வந்த அமைதி அது. லாரி வரும் பாதையில் சிவப்புக் கொடி நட்டிருந்தார்கள் என்று பிறகு பார்த்தேன். குன்றின் மேலிருந்து யாரும் வருவதில்லை என்பதால் எங்கள் பக்கம் கொடி இல்லை.

அக்கா இறங்கினாள். சற்று நேரத்தில் நீளமாக ஒரு விசில் வந்தது. நான் இறங்கினேன்.

பெரிய பாறையைத் தாண்டியதும் ஒரு கை என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தது. சைக்கிளோடு விழுந்தேன். தலையில் துண்டு கட்டிய ஐம்பது வயது ஆள், அந்தக் குவாரியின் மேஸ்திரி, என்னைப் பாறையோடு சேர்த்து அழுத்தினார். அக்கா ஏற்கனவே அங்கே குந்தியிருந்தாள். கல் உடைக்கும் பெண்கள் இருவர், விரல்களில் துணி சுற்றியபடி அவளுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இவன் யாரு? இன்னும் எத்தினி பேருமா வருவீங்க? இன்னா, மேல சினிமா கொட்டாயா வுடுது?" மேஸ்திரி குரலைத் தாழ்த்திக் கத்தினார். "வெடி வெக்கறோம். நீ பாட்டுக்கு விசில் வூதற. திரியே வெக்கல, அதுக்குள்ள யார்றா வூதினதுன்னு என் குலையே நடுங்கிச்சி."

"விசில் வூதினா இன்னா?" என்றாள் அக்கா.

"நீளமா வூதினா திரிக்கு நெருப்பு வெச்சாச்சின்னு அர்த்தம். அவனவன் பூந்த எடத்துலயே கெடக்கணும். சின்னதா ரெண்டு வூதினா வெடி முடிஞ்சிது, வெளிய வரலாம்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் முகம் வெளிறிப்போனதை அன்றுதான் கண்டேன்.

"அண்ணே, மேல எங்க வூட்டுக்காரர் நிக்கிறாரு. திரி வெக்க வேணாம்னு சொல்லுங்க."

மேஸ்திரி எழுந்து பள்ளத்தைப் பார்த்து வாயைத் திறந்தார். அதற்குள் பள்ளத்திலிருந்து விசில் வந்தது. நீளமாக, ஒன்று. ஒரு ஆள் பள்ளத்திலிருந்து ஏறி எதிர்ப்பக்கமாக ஓடினான். ஓடியவாறே கையை உயர்த்தி ஆட்டினான்.

"வெச்சிட்டான்" என்றார் மேஸ்திரி.

"அணைக்க முடியாதா?" என்றேன்.

"எத அணைப்ப? கொத்தா வெச்சிருக்கான். இனிமே யாரும் கிட்ட போவமாட்டான்."

மேலே மாமா அந்த விசிலைக் கேட்டிருப்பார். எங்கள் விசிலுக்கும் அவர்கள் விசிலுக்கும் அந்தத் தூரத்தில் வித்தியாசம் தெரியாது. அவர் காத்துக்கொண்டிருந்ததே அதற்காகத்தான்.

நான் கத்தினேன். காற்று எங்கள் பக்கம் அடித்தது. குரல் ஜல்லிக் குவியலைக்கூடத் தாண்டியிருக்காது. அக்கா கழுத்தில் தொங்கிய விசிலை வாயில் வைத்தாள். சின்னதாக இரண்டு ஊதப் போகிறாள் என்று தெரிந்தது. மேஸ்திரி பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வூதாத தாயீ! ரெண்டு வூதினா லாரிக்கடில இருக்கறவன், அந்தாண்ட பாறை சந்துல இருக்கற பொம்பளைங்க, அல்லாரும் வெளிய வந்துருவாங்க. புள்ளைங்களும் கீது."

"அப்ப அவரு?"

மேஸ்திரி கையை விடவில்லை. பக்கத்தில் இருந்த பெண்களில் ஒருத்தி, "அங்க என் தங்கச்சி இருக்குதுக்கா" என்றாள். கெஞ்சலாகச் சொல்லவில்லை. தகவல் சொல்வது போலத்தான் சொன்னாள்.

பாறையின் ஓரமாக எட்டிப் பார்த்தபோது மாமா தெரிந்தார். புதர்களுக்கு மேலே முதலில் அவரது வெள்ளைத் தொப்பி, பிறகு தோள். செங்குத்துப் பாதியில் பிரேக்கை அழுத்தியபடி மெல்ல மெல்ல இறங்கி வந்தார். பிரேக் கட்டை ரிம்மில் உரசும் கீச்சு எங்களுக்கே கேட்டது. அந்த இறக்கத்தில் நின்று சைக்கிளைத் திருப்பி மேலே ஏற முடியாது. வளைவில் அவர் இறங்குவார். இறங்கி, வண்டியின் பக்கத்தில் நின்று, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, பிறகு தள்ளுவார். பள்ளத்தின் விளிம்பில்.

அக்கா மேஸ்திரியிடம் கேட்டாள். குரல் சாதாரணமாக இருந்தது.

"நீளமா வூதலாமா?"

"இன்னாத்துக்கு?"

"வூதலாமா, கூடாதா? அத சொல்லு."

மேஸ்திரி யோசித்தார். "வூதலாம். ஒளிஞ்சவங்க ஒளிஞ்சே கெடப்பாங்க. அதுல ஒண்ணும் ஆவாது." கையை விட்டார்.

நான் புரிந்துகொள்வதற்குள் அவள் ஊதிவிட்டாள். நீளமாக, மூச்சு தீரும்வரை. மாமாவின் விதி, குவாரியின் விதி இரண்டிலும் தப்பாக அர்த்தம் ஆகாத விசில் அது ஒன்றுதான். ஒளிந்திருந்தவர்களுக்கு அசையாதே, மாமாவுக்கு வா.

மாமா வளைவுக்கு வந்தார். ஒரு காலைக் கீழே ஊன்றினார். அக்கா மறுபடி ஊதினாள். அவர் தலையை நிமிர்த்தி எங்கள் பக்கம் பார்த்தார். பாறை மறைத்ததால் நாங்கள் அவருக்குத் தெரிந்திருக்க மாட்டோம். இன்னொரு காலையும் தூக்கி இறங்கப் போனார். அக்கா மூச்சு இழுத்து மீண்டும் ஊதினாள், இழுத்து, மீண்டும். அவள் கழுத்து நரம்பு புடைத்தது. அவர் கையை உதறினார். 'வரேன், வரேன், எதுக்கு இப்படிக் கத்துற' என்கிற உதறல். அவர்கள் வீட்டில் நான் போகும்போதெல்லாம் பார்த்தது. ஆனால் இறங்கவில்லை. பெடலை மிதித்தார்.

பொடிக்கல்லில் பின் சக்கரம் வழுக்கிப் பள்ளத்தின் பக்கம் போனது. மேஸ்திரி "ஐயோ" என்றார். மாமா உடம்பை மறுபக்கம் சாய்த்தார். அக்கா ஊதுவதை நிறுத்தவில்லை. சக்கரம் பாதைக்குத் திரும்பியது. அந்த வளைவை மாமா சைக்கிளில் உட்கார்ந்தபடி கடந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பாறையைச் சுற்றி வந்தவரை நானும் மேஸ்திரியும் பிடித்துத் தள்ளினோம். சைக்கிள் தனியே போய் ஜல்லிக் குவியலில் விழுந்தது.

"அறிவு கீதாடி உனக்கு?" மாமா தரையில் கிடந்தபடியே கத்தினார். "இன்னாத்துக்கு இந்த அவசரம்? பின்னாடி பேயா தொரத்திக்கினு வருது? விழுந்து செத்திருப்பேன்..."

அக்கா அவர் தலையைப் பிடித்துத் தன் மடியில் அழுத்தினாள்.

வெடித்தது. முதலில் தரை அசைந்தது, பிறகுதான் சத்தம். ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. புழுதி பாறையைத் தாண்டி எங்கள் மேல் கவிந்தது. கற்கள் விழும் சத்தம் கேட்டது. தூரத்தில் சில, அருகில் சில. கீற்றுக் கொட்டகையின் கூரையில் ஒன்று விழுந்து உள்ளே போனது. பிறகு பொடி மட்டும் சரசரவென்று உதிர்ந்துகொண்டிருந்தது. வாயெல்லாம் கல் மாவு.

யாரும் அசையவில்லை. மேஸ்திரி உதடு அசைய மனதுக்குள் எதையோ எண்ணிக்கொண்டிருந்தார். வெடிகளின் கணக்கு சரியாக இருந்ததோ என்னவோ, தலையை ஆட்டினார்.

எதிர்ப்பக்கத்திலிருந்து விசில் வந்தது. சின்னதாக இரண்டு.

லாரிக்கு அடியிலிருந்து ஆட்கள் தவழ்ந்து வெளியே வந்தார்கள். பாறைச் சந்திலிருந்து பெண்கள் வந்தார்கள். ஒருத்தியின் இடுப்பில் கைக்குழந்தை. எங்களோடு இருந்த இருவரும் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து போனார்கள். ஒருத்தி தங்கையைக் கூப்பிட்டாள். புழுதிக்குள்ளிருந்து "இன்னாக்கா?" என்று பதில் வந்தது.

நாங்கள் மூவரும் பாறையை ஒட்டி அப்படியே இருந்தோம். மாமா ஒரு கையை எனக்குக் குறுக்கே நீட்டித் தடுத்துக்கொண்டிருந்தார். அவர் முறைப்படி அது நிற்கச் சொல்லும் விசில்.

மேஸ்திரி திரும்பிப் பார்த்தார். "இன்னா, இன்னும் குந்திகினு கீறீங்க? முடிஞ்சிது, வாங்க."

அக்கா நடந்ததைச் சொன்னாள். நாலைந்து வாக்கியம்தான். மாமா குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு எழுந்து, பாதை வழியே மேலே நடந்தார். வளைவு வரை போனார். அவர் வழக்கமாக நிற்கும் இடத்தில் குடத்தளவு கல் ஒன்று கிடந்தது. சுற்றிலும் சின்னதும் பெரியதுமாக இன்னும் பல. அவர் எதையும் தொடவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார்.

"சின்னதா ரெண்டு வூதியிருந்தா அங்கதான் நின்னிருப்பேன்" என்றார்.

"தெரியும்" என்றாள் அக்கா.

சைக்கிளின் முன்சக்கரம் கோணியிருந்தது. குவாரி லாரிக்காரர் படப்பை வரை ஏற்றிக்கொள்வதாகச் சொன்னார். ஜல்லி மேல் மூன்று சைக்கிளையும் படுக்க வைத்து, நாங்களும் ஏறி உட்கார்ந்தோம். சிவப்புக் கொடியைத் தாண்டும்போது மாமா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். வழியெல்லாம் மாடுகளுக்கும் பிள்ளைகளுக்கும் லாரிக்காரர் விடாமல் ஹாரன் அடித்தார். ஒவ்வொரு முறையும் அவர்கள் இருவரும் ஒன்றாகத் தலை நிமிர்ந்தார்கள்.