பொலிஸ் காத்த படலை

எங்கள் ஊரில் கோதாரி என்ற சொல் இல்லாமல் ஒரு பொழுது விடிந்து ஒரு பொழுது படாது. சைக்கிளுக்குக் காற்றுப் போனால் கோதாரி, பாண் தீர்ந்துபோனால் கோதாரி, கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடினால் அது கோதாரி பிடிச்ச மாடு. வாந்திபேதிக்கு அது பழைய பெயர் என்று தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் ஒரே மாதிரித்தான் ஏசினார்கள். எழுபதுகளின் நடுப்பகுதியில் அந்த வியாதி உண்மையாகவே யாழ்ப்பாணத்துக்கு வந்து இறங்கியபோது ஒருவரும் அந்தச் சொல்லை வாயில் எடுக்கவில்லை. பெயர் சொல்லாமல் விட்டால் வியாதி வீட்டுக்கு வராது என்ற எண்ணம் எங்கள் சனத்திடம் மட்டும் இருந்திருந்தால் நான் இதை எழுத வேண்டி வந்திராது. அரசாங்கமும் அதே எண்ணத்தில்தான் இருந்தது.

பின்னேர வானொலிச் செய்தியில் மந்திரி பேசினார். வடக்கில் பரவுவது சாதாரண வயிற்றோட்டம், பொதுமக்கள் வதந்திகளை நம்பக் கூடாது என்றார். அடுத்த நாள் ஒரு வான் வண்டியில் வந்து எங்கள் ஒழுங்கை முழுவதும் துண்டுப் பிரசுரம் வீசிவிட்டுப் போனார்கள். நடுவில் பெரிய ஈ ஒன்றின் படம் இருந்தது. ஈயைத் தவிர மற்றதெல்லாம் சிங்களத்தில் இருந்தது. ஒழுங்கையில் உள்ளவர்கள் எல்லாரும் அந்த ஈயைப் படித்தோம். கால்களில் மயிர் இருந்ததெல்லாம் விளங்கியது. தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்க வேண்டும் என்று கீழே எழுதியிருந்ததாம். அது எங்களுக்குத் தெரிய வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

நான் அப்போது கொக்குவிலில் அண்ணையின் வீட்டில் இருந்தேன். மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அண்ணை சங்கக்கடை மனேச்சர். வீட்டில் அண்ணை, அவருடைய மனைவியான மச்சாள், நான், ஓர் ஆடு. பக்கத்து வளவில் ஓய்வுபெற்ற ஸ்டேசன் மாஸ்டரும் அவருடைய மனைவியும் இருந்தார்கள். இரண்டு வளவுக்கும் இடையில் ஒரு கிடுகு வேலி. வேலியின் நடுவில் ஒரு பங்குக் கிணறு. எங்கள் பக்கத்தில் நின்று நாங்கள் அள்ளுவோம், அவர்கள் பக்கத்தில் நின்று அவர்கள் அள்ளுவார்கள். வேலி தங்கள் காணிக்குள் ஒரு முழம் வந்துவிட்டதென்று ஸ்டேசன் மாஸ்டர் கோட்டில் வழக்குப் போட்டிருந்தார். அந்த ஒரு முழத்தில் ஒரு கத்தரிக்கன்றுகூட வைக்க முடியாது. அண்ணையும் அவரும் முகம் பார்த்துப் பேசி வருடக்கணக்காகிவிட்டது.

பேசாமல் இருப்பது என்றால் எங்கள் ஊரில் அதற்கு ஒரு முறை உண்டு. சொல்ல வேண்டியதைச் சொல்லத்தான் வேண்டும், ஆனால் எதிராளிக்குச் சொல்லக் கூடாது. நாங்கள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று ஆட்டுக்குச் சொல்வோம். ஸ்டேசன் மாஸ்டர் அந்தப் பக்கம் நின்று தன்னுடைய முருங்கை மரத்துக்குச் சொல்லுவார். சண்டை பிடிப்பதும் அப்படித்தான். எங்கள் ஆட்டைப்போல் ஏச்சு வாங்கிய ஆடு யாழ்ப்பாணத்தில் வேறு இருந்திராது.

அண்ணைக்கு ஒரு காலையில் வருத்தம் தொடங்கியது. மத்தியானத்துக்கிடையில் கண் குழி விழுந்து, விரல் நுனியெல்லாம் நெடுநேரம் தண்ணீரில் ஊறியதுபோல் சுருங்கிப்போனது. மச்சாள் அழுதபடி சுகாதாரப் பரிசோதகருக்கு ஆள் அனுப்பினார். அவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். நல்ல மனிதர்தான். வாசற்படியில் நின்றபடியே கேள்வி கேட்டார், ஒரு சின்னப் போத்தலில் அண்ணையின் மலத்தை எடுத்தார், பிறகு சட்டம் சொன்னார்.

“இந்த வீட்டிலை இருந்து ஒருத்தரும் வெளிக்கிடப்படாது. வருத்தக்காரரை அம்புலன்ஸ் வந்து ஏத்தும்.”

“அம்புலன்ஸ் எப்ப வரும்?” என்று நான் கேட்டேன்.

“சாம்பிள் கொழும்புக்குப் போய் முடிவு வரவேணும். வந்த உடனை வரும்.”

“அதுவரைக்கும் என்ன செய்யிறது?”

“தண்ணி குடுங்கோ.”

“எந்தத் தண்ணி?”

அவர் போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தார். இதற்குக் குளோரின் தூள் போட வேண்டும், தூள் இன்னும் வந்து சேரவில்லை, வந்ததும் உங்கள் பக்கத்துக்குப் போடுவோம் என்றார். கிணற்றின் மற்றப் பக்கத்துக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அந்தப் பக்கம் வேறு விலாசம், அந்த வீட்டில் யாருக்காவது வருத்தம் வந்தால் பார்க்கலாம் என்றார். ஒரு கிணற்றுத் தண்ணீரை இரண்டு விலாசமாகப் பிரிக்க ஸ்டேசன் மாஸ்டர் போட்ட வழக்கால்கூட முடியவில்லை. சுகாதாரப் பகுதி அதை நின்ற நிலையிலேயே செய்து முடித்தது.

கொழும்பில் ஓர் அரசாங்க உத்தியோகம் எடுப்பதற்கு அண்ணை எத்தனையோ வருடம் விண்ணப்பித்தவர். ஒரு தடவையாவது நேர்முகத்துக்குக் கூப்பிடவில்லை. அன்றிரவு அவருடைய மலம் மெயில் ரெயிலில் அரசாங்கச் செலவில் கொழும்புக்குப் போனது.

அன்று பின்னேரமே எங்கள் வாசல் படலையில் ஒரு பொலிஸ்காரனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். சாதாரண வயிற்றோட்டத்துக்குப் பொலிஸ் காவல் போட்ட அரசாங்கம் வேறு எங்காவது இருந்ததா என்று எனக்குத் தெரியாது. தெற்கிலிருந்து வந்த இளம் பெடியன். “போக வேணாம், அக்கா,” என்ற அளவுக்குத் தமிழ் தெரியும். தேத்தண்ணீர் கொடுத்தோம், வேண்டாம் என்று சிரித்தான். இளநீர் வெட்டிக் கொடுத்தால் குடித்தான். மந்திரியின் பேச்சில் அவனுக்கும் நம்பிக்கை இல்லை என்று அதிலிருந்து தெரிந்துகொண்டோம்.

இருட்டும் நேரம் அண்ணைக்குப் பேச்சுக் குழறியது. வெளியே ஓடினேன். வேலிக்கு அந்தப் பக்கம் ஸ்டேசன் மாஸ்டர் கிணற்றில் அள்ளும் சத்தம் கேட்டது. நான் ஆட்டைப் பிடித்துக்கொண்டேன்.

“ஆடே, நீ சுகமாய் நிக்கிறாய். உள்ளுக்கை அண்ணை கண் சொருகிக் கிடக்கிறார். முன்னுக்குப் பொலிஸ் நிக்குது. பின் ஒழுங்கைக்குப் போக ஒரு வழி இருந்தால் கார் பிடிச்சுக் கொண்டுபோகலாம்.”

வாளிச் சத்தம் நின்றது. பிறகு அவருடைய குரல் கேட்டது.

“முருங்கை, இந்த விசர்ச் சனத்துக்குக் காலமை தொடக்கம் வாய் எங்கை போனது? மனிசன் சாகுமட்டும் பாத்துக்கொண்டு நிக்கிறதோ?”

அதற்குப் பிறகு கத்தி விழும் சத்தம்தான். எந்த வேலிக்காகக் கோடேறினாரோ அந்த வேலியை அவரே வெட்டினார். கிடுகைப் பிய்த்து, இரண்டு கதியால் தடியைப் பிடுங்கி, ஆள் போகும் அளவுக்கு ஒரு பொட்டு வைத்தார். அண்ணையைச் சாய்மனைக் கதிரையில் இருத்தி, ஒரு பக்கம் அவரும் மறுபக்கம் மச்சாளும் நானுமாகத் தூக்கிக்கொண்டு அவருடைய வளவுக்குள்ளால் போனோம். பின் ஒழுங்கையில் கார் நின்றது. அவருடைய மனைவி ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டு வந்த கார். மூச்சு வாங்கியபடி ஸ்டேசன் மாஸ்டர் சட்டைப் பைக்குள்ளிருந்து மணிக்கூட்டை எடுத்து நேரம் பார்த்தார். பழைய பழக்கம். மச்சாள் அண்ணையோடு காரில் போனார். நான் திரும்பி வந்து முன் விறாந்தையில் விளக்கை ஏற்றி வைத்தேன். படலையில் பொலிஸ்காரன் கவனமாகக் காவல் காத்துக்கொண்டிருந்தான்.

ஒரு வீட்டுக்கு ஒரு வாசல் என்றுதான் அரசாங்கம் நினைத்திருந்தது. கொக்குவிலில் வீட்டுக்கு நாலு பக்கமும் வேலி, வேலிக்கு வேலி பொட்டு. பூட்டிய வீடுகளின் படலைகளில் பொலிஸ் நிற்க, பின்பக்கத்தால் பாணும் மண்ணெண்ணெயும் மாமியாரும் கோழியும் தாராளமாகப் போய் வந்தன. வியாதியும் அந்த வழியால்தான் போயிருக்க வேண்டும். அது மட்டும் ஏன் படலையால் போகப் போகிறது?

பள்ளிக்கூடம் ஒன்றின் வாங்கு மேசைகளை வெளியே எறிந்துவிட்டுத் தற்காலிக ஆஸ்பத்திரி ஆக்கியிருந்தார்கள். அண்ணைக்கு அங்கே சேலைன் ஏற்றினார்கள். ஆள் தப்பிவிட்டார் என்று அடுத்த நாள் பொட்டுக்குள்ளால் வந்து மச்சாள் சொன்னபோது நான் அடுப்படியில் குந்தியிருந்து அழுதேன். ஸ்டேசன் மாஸ்டர் முருங்கையிடம், “உவங்களுக்கு ஆயுசு கெட்டி,” என்று சொன்னது கேட்டது. சொல்லிவிட்டு மறுபடி கிணற்றில் அள்ளினார். குளோரின் தூள் அப்போதும் வரவில்லை.

ஒரு கிழமை போகவில்லை, அவரும் வருத்தத்தில் விழுந்தார். மனைவி ஓடிவந்து வேலியடியில் நின்று நேரே என்னைக் கூப்பிட்டார். கார்க்காரர்களிடம் போனால் ஒருவரும் வரமாட்டோம் என்றார்கள். வருத்தக்காரரை ஏற்றினால் காரைப் பறிமுதல் செய்வோம் என்று அதற்கிடையில் புது உத்தரவு வந்திருந்தது. சுகாதாரப் பரிசோதகரிடம் ஆள் அனுப்பினோம். இந்த வீட்டுக்கும் சாம்பிள் எடுக்க வேண்டும், எடுக்கிற போத்தல் முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. அவரை ஏற்றிக்கொண்டு போக ஒரு மாட்டுவண்டியாவது கிடைக்குமா என்று ஓர் இரவு முழுவதும் அலைந்தோம்.

விடிந்ததும் எங்கள் படலையில் அம்புலன்ஸ் வந்து நின்றது. அண்ணையை ஏற்றுவதற்கு.

கொழும்பிலிருந்து முடிவும் வந்திருந்தது. சாம்பிள் வழியில் பழுதாகிவிட்டது, இன்னொன்று அனுப்பவும் என்பதுதான் அந்த முடிவு. ஆனாலும் முடிவு என்று ஒன்று வந்துவிட்டதால் அம்புலன்ஸை விட்டிருந்தார்கள். பக்கத்து வளவில் ஒருவர் சாகக் கிடக்கிறார், அவரை ஏற்றுங்கள் என்று சாரதியிடம் கெஞ்சினேன்.

“இந்தப் படலை, இந்தப் பேர். வேறை ஆரையும் ஏத்த எனக்கு உத்தரவில்லை, ரீச்சர். ஆள் இல்லையெண்டால் வெறுமனை போறன்,” என்றான்.

மச்சாள் என்னைத் தள்ளிக்கொண்டு முன்னுக்கு வந்தார். “ஆள் உள்ளுக்கை இருக்கிறார். கொஞ்சம் நில்லுங்கோ, கூட்டிக்கொண்டு வாறம்.”

அதே சாய்மனைக் கதிரை, அதே பொட்டு. இந்த முறை அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம். அண்ணையின் பெயரில் ஸ்டேசன் மாஸ்டரை ஏற்றினோம். எங்கள் படலையால் அவர் போனதை நான் முதன்முறையாக அன்றுதான் கண்டேன். பொலிஸ்காரன் படலையை அகலத் திறந்து பிடித்தான். இத்தனை நாள் நின்றதற்கு அவனுக்குக் கிடைத்த ஒரே வேலை அது.

மிச்சத்தை அண்ணைதான் பிறகு சொன்னார். ஆஸ்பத்திரி வாசலில், இந்தப் பெயரும் விலாசமும் உள்ள ஆள் ஏற்கெனவே உள்ளே படுத்திருக்கிறார், ஒரே ஆளை இரண்டு தரம் ஏற்க முடியாது என்று மறித்துவிட்டார்களாம். அம்புலன்ஸ்காரனோ, இறக்காமல் போக முடியாது என்று நின்றானாம். நடுவில் ஸ்டேசன் மாஸ்டர் வெறும் சீமெந்து நிலத்தில் கிடந்திருக்கிறார். அண்ணை சத்தம் கேட்டு எட்டிப் பார்த்து, கையில் இருந்த ஊசியைத் தானே கழற்றிவிட்டு, “என்ரை கட்டிலிலை அவரை வளத்துங்கோ. நான் போறன்,” என்று சொல்லி வெளிக்கிட்டார். ஒரு பெயருக்கு ஓர் ஆள் என்று ஆனதும் ஆஸ்பத்திரிக்கும் திருப்தி. ஆனால் அந்த வாக்குவாதத்தில் போன நேரம் போனதுதான்.

அண்ணை தள்ளாடித் தள்ளாடி பஸ்ஸில் வந்து இறங்கினார். உள்ளே போக முடியாது, இது பூட்டின வீடு என்று பொலிஸ்காரன் தடுத்தான். தன்னுடைய வீடு என்று அண்ணை எவ்வளவோ சொன்னார். இந்த வீட்டு ஐயா அம்புலன்ஸில் போனதைத் தன்னுடைய கண்ணால் பார்த்தவன் அவன். அண்ணை பின் ஒழுங்கையால் சுற்றி வந்து பொட்டுக்குள்ளால் நுழைந்தார்.

இரண்டாம் நாள் காலை ஆஸ்பத்திரிப் பியோன் சைக்கிளில் வந்தான். பொலிஸ்காரனிடம் ஏதோ சொன்னான். பொலிஸ்காரன் தொப்பியைக் கழற்றினான். பியோன் படலையில் நின்றபடி அண்ணையின் பெயரைச் சொல்லி, இந்த வீட்டு ஐயா விடியப்புறம் காலமாகிவிட்டார், பிரேதம் தரமாட்டார்கள், ஆஸ்பத்திரிக்காரரே எரித்துவிடுவார்கள் என்று சத்தமாகச் சொன்னான். படலைக்குத் தெரியாத மறைவில் அண்ணை விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டு அதைக் கேட்டார்.

செய்தி ஒழுங்கை முழுவதும் பரவ எவ்வளவு நேரம் பிடிக்கும்? சங்கக்கடை மனேச்சர் போய்விட்டார் என்று சனம் சேர்ந்தது. பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். கூட்டம் கூடக் கூடாது என்று பொலிஸ்காரன் கையை விரித்துத் தடுத்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவனையும் பியோனையும் மந்திரியையும் சேர்த்து வாயில் வந்தபடி ஏசினேன். என்னுடைய துக்கத்தில் பேசுகிறேன் என்று சனம் இன்னும் பெரிதாக அழுதது.

அண்ணை வேலிப் பக்கம் போனார். நானும் பின்னால் போனேன். பக்கத்து வளவில் துக்கத்துக்கு வந்த ஓர் ஆளும் இல்லை. படலை சும்மா திறந்து கிடந்தது. அங்கே காவலும் இல்லை, அழுகையும் இல்லை. ஸ்டேசன் மாஸ்டரின் மனைவி கிணற்றுக்கட்டில் தனியே இருந்தார். பியோன் சொன்னது வேலிக்கு அந்தப் பக்கமும் நன்றாகக் கேட்டிருக்கும். அண்ணையைக் கண்டு அவர் எழும்பவில்லை. முகத்தையும் துடைக்கவில்லை.

“அக்கா,” என்றார் அண்ணை.

“உங்கடை படலையிலை சனம் நிக்குது, தம்பி,” என்றார் அவர். “போய், நீங்கள் சாகேல்லை எண்டு சொல்லுங்கோ.”

அண்ணை போகவில்லை. அவருக்குப் பக்கத்தில் ஈர நிலத்தில் இருந்துகொண்டார்.