கடைசி பெஞ்சின் கணக்குத் தேர்வு

என் அக்கா மகளை வெளியே எல்லாரும் ‘கடைசி பெஞ்சு’ என்று கூப்பிடுகிறார்கள். வீட்டில் அவள் வாலு. பதினான்கு வயதில், டிவியில் வரும் ஒரு பள்ளிக்கூட நாடகத்தில் கூட்டத்தோடு கூட்டமாக உட்கார வைக்கத்தான் அவளைக் கூட்டிப் போனார்கள். அக்கா வேலைக்குப் போக வேண்டும், அதனால் துணைக்கு நான். பிளைவுட் சுவர் வைத்த வகுப்பறை. முன் பெஞ்சில் கதாநாயகி தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தபோது, விடியும் முன்பே எழுந்து வந்த எங்கள் பிள்ளை கடைசி பெஞ்சில் வாயைப் பிளந்து ஒரு கொட்டாவி விட்டாள். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். டைரக்டர் அதை வெட்டவில்லை. அது டிவியில் வந்த மறுநாள் ஊரெல்லாம் போனில் அந்தக் கொட்டாவிதான். அழுதவளை யாரும் கண்டுகொள்ளவில்லை.

அடுத்த வாரம் ஒரு வரி வசனம். மூன்று மாதத்தில் கதாநாயகியின் தோழி. அடுத்த நாடகத்தில் இவளே கதாநாயகி. பிள்ளை வளர்ந்தாள், கதையில் வந்த பெண் வளரவில்லை. மூன்று வருஷமாகப் பன்னிரண்டாம் வகுப்பிலேயே அவளை உட்கார வைத்திருந்தார்கள். தையல்காரர் அதே சீருடையைப் பிரித்துப் பிரித்துத் தைத்துக் கொடுத்தார். நிஜப் பள்ளிக்கூடமோ வருகை போதாது என்று பெயரை அடித்துவிட்டது. சரி, தனித்தேர்வராக எழுதிக்கொள்கிறேன் என்றாள். மேக்கப் நாற்காலியில் கண்ணை மூடச் சொன்னால் மூடிக்கொண்டே வாய்ப்பாடு மாதிரி சூத்திரம் சொல்வாள்.

“எதுக்குடி இவ்வளவு கஷ்டம்? அதான் பேரும் புகழும் வந்தாச்சே?” என்று ஒருநாள் கேட்டேன்.

“கட்டடம் கட்டப் படிக்கணும் சித்தி. தட்டினா ஆடாத சுவர் ஒண்ணாவது நான் கட்டணும்” என்றாள்.

தேர்வு நாட்களில் படப்பிடிப்பு கிடையாது என்று கம்பெனி மேனேஜர் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தார். நான்கு பரீட்சை நல்லபடியாக முடிந்தது. கடைசியாகக் கணக்கு. அன்று காலை ஆறு மணிக்கு மேனேஜரிடமிருந்து எனக்குப் போன் வந்தது.

“அக்கா, ஒரே ஒரு ஷாட்டு. எட்டு மணிக்கு முடிச்சு நானே கார்ல கொண்டுபோய் விடறேன். பாப்பா படிப்பு எனக்கும் முக்கியம்தானே?”

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். அது தெரிந்தும் தலையாட்டியவள் நான்தான். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

என்ன ஷாட் தெரியுமா? பரீட்சைக்கு நேரமாகிவிட்ட கதாநாயகி ஓடி வருவாள். வாட்ச்மேன் மனமிரங்கி கேட்டைத் திறந்து, “ஓடும்மா, உன் எதிர்காலம் காத்துக்கிட்டு இருக்கு” என்பார். வாட்ச்மேனாக நடிக்க வந்தவருக்கு அந்த ஒரு வரி வரவே இல்லை. எட்டு ஒன்பதாயிற்று. ஒன்பதரைக்கு டைரக்டர், “அழுகை இப்பதான் நல்லா வருது, இன்னொண்ணு போலாம்” என்றார். அது அழுகையில்லை ஐயா, வயிற்றெரிச்சல்!

உடை மாற்ற நேரமில்லாமல் நாடகச் சீருடையோடே ஓடினோம். தேர்வு மையத்து வாசலில் இறங்கியபோது பத்து இருபது. பத்தரை வரை உள்ளே விடலாம் என்பது விதி.

அங்கிருந்த நிஜ வாட்ச்மேன் அவளைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லானார். “அட, கடைசி பெஞ்சு! இன்னைக்கு இங்கயா ஷூட்டிங்? கேமரா எந்தப் பக்கம்?” என்று தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

“அண்ணா, ஷூட்டிங் இல்லண்ணா. பரீட்சை எழுத வந்திருக்கேன். கேட்டைத் திறங்க.”

“பரீட்சை நடக்குதும்மா, பர்மிஷன் லெட்டர் இல்லாம ஷூட்டிங்குக்கு விடமாட்டாங்க” என்றார். ஹால் டிக்கெட்டை நீட்டினாள். வாங்கிப் புரட்டிப் பார்த்து, “அப்படியே அசல் மாதிரி செஞ்சிருக்கீங்களே!” என்று ரசித்தார். இவள் அழ ஆரம்பித்தாள். “அடேங்கப்பா, எப்படி அழுகுது புள்ள” என்றார். நான் கம்பியைப் பிடித்து உலுக்கிக் கத்தியதில்தான் தலைமையாசிரியை வெளியே வந்தார். சீருடையை ஏற இறங்கப் பார்த்தார், ஹால் டிக்கெட்டை நிதானமாகப் படித்தார், கடிகாரத்தையும் பார்த்தார்.

“பத்து முப்பத்தஞ்சு. விதின்னா விதிதான். அஞ்சு நிமிஷம்னாலும் லேட் லேட்தான்” என்று திரும்பிப் போய்விட்டார்.

அவளுக்கு ஒரு வருஷம் வீணாகப் போயிற்று. மேனேஜர், “கவலைப்படாதீங்க, கதையில பாப்பாவுக்குத்தான் முதல் மார்க்” என்றார். சொன்னபடியே கொடுத்தார்கள். எதிர்வீட்டு அம்மா எங்கள் கதவைத் தட்டி வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு வந்த கோபத்துக்குக் கதவை உடைத்திருப்பேன்.

மூன்று மாதம் கழித்து அதே தலைமையாசிரியையிடமிருந்து அழைப்பு. தேர்வில் முதலிடம் பெற்றவர்களுக்குப் பரிசளிக்க ‘கடைசி பெஞ்சு’ சிறப்பு விருந்தினராக வரவேண்டுமாம்! அன்று கேட்டுக்கு வெளியே அழுதுகொண்டு நின்றது யார் என்பதே அந்த அம்மாவுக்கு நினைவில்லை. எங்களைக் கேட்காமலே மேனேஜர் சரி என்று சொல்லிவிட்டார். நான் முடியாது என்று குதித்தேன்.

“போலாம் சித்தி. அந்த கேட்டை ஒரு தடவை உள்ளயிருந்து பார்க்கணும்” என்றாள்.

வழக்கம்போல ஷூட்டிங் இழுத்ததில் நாற்பது நிமிஷம் தாமதமாகப் போனோம். கேட்டின் இரண்டு கதவும் விரியத் திறந்திருந்தது. பிள்ளைகளை வெயிலில் உட்கார வைத்துக் காத்திருந்தார்கள். தலைமையாசிரியை வாசல் வரை ஓடி வந்து, “பரவாயில்ல பரவாயில்ல” என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

பரிசு கொடுத்து முடித்ததும் பேசச் சொன்னார்கள். வாலு மைக்கைப் பிடித்தாள்.

“நான் இன்னும் கணக்கு பாஸ் பண்ணல. இதே பள்ளிக்கூடத்துலதான் எழுத வந்தேன். அன்னைக்கு அஞ்சு நிமிஷம் லேட்டு, கேட்டைத் திறக்கல. இன்னைக்கு நாப்பது நிமிஷம் லேட்டு. திறந்தே வச்சிருக்கீங்க.”

கைதட்டல் வானைப் பிளந்தது. விசிலும் பறந்தது. “எந்த எபிசோடு இது?” என்று ஒருத்தி பக்கத்துப் பெண்ணைக் கேட்டாள். தலைமையாசிரியை கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே எல்லாரையும் விட அதிக நேரம் தட்டினார்.

தட்டாதவர் ஒருவர்தான். வாட்ச்மேன் கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். தொப்பி கையில் இருந்தது.

“அம்மா... அன்னைக்கு அது நெசமாவேவா?”

“நெசம்தான்யா!” என்று கத்திவிட்டேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் கேமரா எங்கே என்று திரும்பிப் பார்த்தார்கள்.